இரண்டு வெட்டுப் போட்ட ஈயம்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றப் போன சரக்கு வண்டி ஒன்று, எண்ணூர் விரைவுச் சாலையில் டேங்கர் லாரியோடு மோதி எரிந்தது. வண்டியை ஓட்டிய சௌக்கத் அலி வெளியே தூக்கி எறியப்பட்டு, இன்னும் கண் திறக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வண்டியோடு எரிந்துபோனான். அது என் மகன் வெற்றி என்று திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சென்ற வாரம் அங்கே நிறுத்தியிருந்தேன். இன்று புதன்கிழமை. பதினொரு மணிக்குச் சடலத்தைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

முகம் இல்லாத உடம்பை எப்படி அடையாளம் சொன்னீர்கள் என்று சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

கடலுக்குப் போகிற எங்கள் வீட்டு ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றில் ஓர் ஈயக் குண்டு உண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற சாதாரண ஈயம்தான். பையன் முதன்முதலாகப் படகேறும் அன்று, அப்பா தன் வலையிலிருந்து ஒன்றை அறுத்தெடுத்து, கத்தியால் இரண்டு வெட்டுப் போட்டு, மகன் இடுப்பில் கட்டுவார். கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் முகம் இருக்காது, துணி இருக்காது. ஈயம் இருக்கும். எங்கள் ஊர் நெட்டுக்குப்பத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு உண்டு. என் அப்பாவைப் பழவேற்காட்டுக் கரையிலிருந்து அப்படித்தான் அடையாளம் கண்டு கொண்டுவந்தோம்.

சீட்டோடு அழுந்திக் கிடந்த இடுப்பு மட்டும் தீயில் தப்பியிருந்தது. அதில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஈயம். ஈயத்தில் இரண்டு வெட்டு. நான் வெட்டிய வெட்டு எனக்குத் தெரியாதா?

உதவி ஆய்வாளர் ராமசெல்வி என்னிடம் ஒரு முறைக்கு இரு முறை கேட்டார். "வேற யாராவது பாக்கணுமா ஐயா? அவரோட சம்சாரம்?"

"எங்க வூட்டுப் பொம்பளைங்க பொணவறைக்கு வர மாட்டாங்கம்மா. நான் சொன்னா போதும்."

நான் இருபது வருடம் ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்தவன். கரை ஒதுங்கிய எத்தனையோ உடல்களுக்குப் போலீஸ் விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றுகூடத் தவறியதில்லை. இந்த ரகுபதி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஸ்டேஷனில் தெரியும். ராமசெல்வி எழுதிக்கொண்டார்.

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் இதுவரை மறைத்துவிட்டேன்.

பதினொரு மாதத்துக்கு முன்பு வெற்றி எங்கள் படகில் வெளியாள் ஒருவனை ஏற்றினான். பாரி என்று பெயர், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை போய், கடலுக்கு வருகிறேன் என்று வந்தவன். எங்கள் படகில் அப்படி ஓர் ஆள் ஏறியதில்லை. ஏறக் கூடாது என்றேன். ஏறுவான் என்றான் வெற்றி. கரையில் நூறு பேர் பார்க்கச் சொன்னேன்: "அப்போ என் வூட்டு அடையாளத்த அறுத்து வெச்சுட்டுப் போ."

அன்றே மனைவி மலரை அழைத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். வேறு படகில் தொழில் பார்த்தான், அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு. ஈயத்தை அறுத்தானா இல்லையா, எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை தெரிந்தது. அறுக்கவில்லை. என் மகன் சாகும்வரை என் வீட்டு அடையாளத்தை இடுப்பில் வைத்திருந்தான். பிணவறையில் அந்த நிமிடம் எனக்குத் துக்கம் வந்தது உண்மை. துக்கத்தோடு கூட, வெளியில் சொல்லக் கூச்சமான ஒரு நிறைவும் வந்தது.

அதோடுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது மணிக்கே ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். சலவைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. பிணவறை வாசலில் தகரக் கொட்டகை போட்டு ஒரு இரும்பு பெஞ்சு வைத்திருக்கிறார்கள். உட்காரவில்லை. அமரர் ஊர்தி ஓட்டுநர் வந்து மாலை வாங்கியாச்சா என்று கேட்டார். வாங்கியாச்சு என்றேன். உள்ளே போய் வந்த ஊழியர் ஜெரி, டாக்டர் கையெழுத்து ஒன்று பாக்கி என்றார். பத்தடி அந்தப் பக்கம், பத்தடி இந்தப் பக்கம் என்று நடந்துகொண்டே இருந்தேன்.

போன் அடித்தது. ஊர்த் தலைவர் தேசப்பன்.

"ண்ணா, கெளம்பிட்டீங்களா?"

"இன்னும் குடுக்கல."

"பசங்க கரையில நின்னுகினு கீறாங்கண்ணா. மூணு நாளா ஒரு படகு எறங்கல. மீனு நல்லாப் பட்ற நேரம். யாரும் ஒண்ணும் சொல்லல, உங்க வூட்டுச் சாவாச்சே. நான் சும்மா கேக்கறேன்."

சும்மா கேட்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை எந்தப் படகும் கடலில் இறங்காது. இது எங்கள் கட்டுப்பாடு. நானே காவல் நின்று காத்த கட்டுப்பாடு.

"மதியத்துக்குள்ள வந்துடுவேன். சொல்லு."

போனை மடியில் வைத்துத் திரும்பினேன். ஆட்டோவிலிருந்து மலர் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. நெற்றியில் பொட்டு.

"இன்னா கோலம் இது?" என்றேன். "இங்க எதுக்கு வந்தே? அத்தை எங்கே?"

"அத்தை படுத்துகினு இருக்காங்க மாமா. சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"நெத்தியப் பாரு. ஊரு இன்னா பேசும்?"

"எங்க வூட்டுக்காரர் இருக்காரு. நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்?"

திங்கட்கிழமையிலிருந்து இதையேதான் சொல்கிறாளாம். சுற்றி உட்கார்ந்த பெண்கள், பாவம், மூளை கலங்கிப் போச்சு என்று தலையில் எண்ணெய் வைத்திருக்கிறார்கள்.

"மலரு, நான் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னேன்."

"மொகத்தப் பாத்தீங்களா மாமா?"

நடக்கத் திரும்பினேன். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அவருக்கு வலது பக்கம் கீழ்ப் பல்லு ரெண்டு கெடையாது. மாவா பாக்கு போட்டுப் போட்டு சொத்தையாயி, தை மாசம் பல் ஆஸ்பத்திரில புடுங்கினாங்க. சீட்டு இருக்கு, எக்ஸ்ரே இருக்கு." மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினாள். "உள்ள கீறவருக்குப் பல்லு எப்படின்னு டாக்டராண்ட ஒரு வார்த்த கேளுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

என் மகன் வாயில் இரண்டு பல் இல்லை என்று எனக்குத் தெரியாது. பதினொரு மாதமாக அவன் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

"ஈயம் பொய் சொல்லுமா?" என்றேன்.

"ஈயம் கழட்டற சாமான் மாமா. பல்லு அப்படியா?"

"அத்த அவன் கழட்ட மாட்டான்."

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் இடுப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மாமனாரிடம் ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? நான் எப்படிக் கேட்பேன்? அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் சொன்னாள்.

"அது… ஆறு மாசமா அவராண்ட இல்ல மாமா. அத்தையாண்ட அன்னிக்கே சொன்னேன். மாமாவாண்ட சொல்லாதடி, அறுத்திருக்க மாட்டான்ற நெனப்பு ஒண்ணுதான் அவர் நிக்கறதுக்குக் கீதுன்னாங்க."

"வூட்டுக்குப் போ."

"மாமா…"

"போன்னு சொன்னேன். ரகுபதி வாக்குக் குடுத்தாச்சு. பொண்டாட்டி வந்து சொன்னா, மருமக வந்து சொன்னான்னு மாத்தறவன் நான் இல்ல."

அவள் போகவில்லை. நான் உட்காராத பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

பத்தரை மணி இருக்கும். பிணவறை ஜன்னலில் ஒரே சத்தம். நாற்பத்தைந்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். ஏதோ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கையில் பிளாஸ்டிக் உறையோடு ஜெரியிடம் மல்லுக்கு நின்றார்.

"ஒரு வாட்டி காட்டுப்பா. ஒரே வாட்டி."

"எம்மா, எத்தினி தபா சொல்றது? ஞாயித்துக்கெழம வண்டி கேசு முடிஞ்சுது. அவங்க வூட்டு ஆளுங்க அடையாளம் சொல்லிட்டாங்க. ஒன் புள்ள வேற எங்கனா இருப்பான். நல்லதுதானேம்மா, போ."

"மூணு நாளா எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஸ்டேஷன்ல கேட்டா அடையாளம் தெரியாத பொணம் எதுவும் இல்லங்கறாங்க. ஆஸ்பத்திரில கேட்டா பேரு இல்லங்கறாங்க. அப்ப எம்புள்ள எங்கய்யா? இத்தப் பாரு, காணோம்னு குடுத்த ரசீது."

"நான் இன்னாம்மா பண்றது, பேஜார் பண்ணாத."

"அங்க அடையாளமாச்சும் சொல்றேன், எழுதிக்கோ. ஆளு ஒசரமா இருப்பான். சுருட்ட முடி. இடுப்புல கறுப்புக் கவுறு. அதுல வலை ஈயம் ஒண்ணு கோத்திருக்கும். ஈயத்துல ரெண்டு வெட்டு."

என் கால் நின்றுவிட்டது.

என் வீட்டு அடையாளத்தை முன்பின் தெரியாத ஒரு பொம்பளை நடுத்தெருவில் நின்று சொல்கிறாள். எங்கள் ஊரில்கூட வெட்டின் கணக்கை அடுத்த வீட்டார் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"யாரும்மா நீ?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "அத்த யாரு ஒனக்குச் சொன்னது?"

பெஞ்சிலிருந்து மலர் எழுந்து ஓடி வந்தாள். "மாமா, இவங்க பாரியோட அம்மா. ரமாபாய் அக்கா."

ரமாபாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வெற்றித் தம்பியோட நைனாவா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ரெண்டு வெட்டு ஈயம் ஒன் புள்ள இடுப்புக்கு எப்படி வந்துச்சு? திருடினானா?"

"மாமா!" என்றாள் மலர்.

"இரு மலரு." ரமாபாய் குரல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. "திருடறவன் இடுப்புலயா கட்டிப்பான் பெரியவரே? எங்க வூட்டுக்கு வந்து, சோறு துன்னுட்டு, ஒங்க புள்ளதான் கட்டினாரு. நான் வேணான்னேன். ஒங்க ஊர்ல எதுனா சொல்வாங்க, ஒங்க நைனா சும்மா இருப்பாரான்னேன். 'கடலுக்குப் போறவனுக்கு ஒரு வூட்டு அடையாளம் வேணும்கா. எதுனா ஒண்ணு ஆயிட்டா யாரு வூட்டுப் புள்ளைன்னு தெரியணும். இவனுக்கு எங்க வூடு'ன்னாரு."

"எங்க வூடா?"

"அப்படித்தான் சொன்னாரு. 'எங்கப்பா இத்த அறுத்து வெக்கச் சொல்லிட்டாரு. அறுத்துட்டேன். தூக்கிப் போட மனசு வரல'ன்னாரு."

மலர் ரமாபாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். பாரி சனிக்கிழமை ராத்திரி படகிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனவன், அதன் பிறகு போன் இல்லை, ஆள் இல்லை என்றார்.

"ஐயா." இப்போது ரமாபாய் குரல் மாறியிருந்தது. "நீங்கதானே உள்ள போயிப் பாத்தீங்க? முடி சுருட்டையா இருந்துச்சா?"

"முடி இல்லம்மா."

"கால் வெரலு? எம்புள்ளைக்கு ரெண்டாவது வெரலு கட்ட வெரல வுட நீளம்."

"பாக்கல."

"நல்லாப் பாத்தீங்களாயா நீங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஈயத்தைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. பதினொரு மாதத்தில் அந்தப் பாரி என் எதிரில் எத்தனையோ தடவை வந்திருக்கிறான். அப்போதும் அவனை நேராகப் பார்த்ததில்லை.

போன் அடித்தது. தேசப்பன்தான். எடுக்கவில்லை. ஜெரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, டாக்டர் கையெழுத்து ஆயிடுச்சு. எஸ்.ஐ. அம்மா வந்துட்டாங்க. வந்து வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, வண்டில ஏத்திடலாம்."

ஒரே ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் கேள்வி கிடையாது. போலீசுக்கு வழக்கு முடிந்தது. ஊருக்குப் படகு இறங்கிவிடும். என் மகன் என் பேச்சைத் தட்டியும் என் அடையாளத்தை விடாமல் இருந்தவன் என்று பெயர் நிற்கும். ஒரு மருமகளும் வியாசர்பாடி அம்மாள் ஒருத்தியும் சொல்வதை, ரகுபதியின் கையெழுத்துக்கு எதிரே யார் கேட்பார்கள்?

யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததுதான் என்னை உறுத்தியது.

துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் அவர்கள் இருவரும் வந்தார்கள். வராதே என்று நான் சொல்லவில்லை.

உதவி ஆய்வாளர் ராமசெல்வி மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தென்மாவட்டத்துக்காரர். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"வாங்க ஐயா. இங்கே கையெழுத்து, தேதி."

"போட மாட்டேன்மா. நான் சொன்னது தப்பு. அது என் புள்ள இல்லன்னு நினைக்கறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்றீங்க? திங்கக்கிழமை நான் உங்களை எத்தனை தடவை கேட்டேன்?"

"ரெண்டு தடவ."

"சம்சாரம் பாக்கட்டுமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன்."

"இப்படி வந்து நின்னா நான் என்ன பண்றது? விசாரணை அறிக்கையில பேரு எழுதி, பஞ்சாயத்தார் அஞ்சு பேர் கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு. இன்னிக்கு நீங்க கொண்டுபோய் எரிச்சிருந்தீங்கன்னா, நாளைக்குத் தப்புன்னு தெரிஞ்சா சோதிக்கச் சாம்பல்தான் இருக்கும். புரியுதா?"

புரிந்தது. என்னிடம் இப்படி யாரும் பேசி நாற்பது வருடம் இருக்கும். நிமிர்ந்தே நின்றேன்.

மலர் மஞ்சள் பையிலிருந்து பல் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்து வைத்தாள். ராமசெல்வி பிரேதப் பரிசோதனைக் குறிப்பைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பல் முழுசா இருக்கு. முப்பத்திரெண்டும்."

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். மூன்று நாளில் அவள் அழுது இப்போதுதான் பார்க்கிறேன். அவள் பக்கத்தில் நின்ற ரமாபாய் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரே வார்த்தையில் ஒருத்திக்குப் புருஷன் திரும்பி வந்தான், ஒருத்திக்குப் பிள்ளை போனான்.

"அப்போ எம்புள்ளைய எங்கிட்ட குடுத்துடுங்கம்மா" என்றார் ரமாபாய்.

"முடியாதும்மா. ஒருத்தர் வார்த்தையை நம்பி ஒரு தடவை எழுதிட்டேன். இனிமே யார் வார்த்தையும் வேணாம்." சொல்லிவிட்டு, தான் சொன்னது கடுமையாகப் பட்டதோ என்னவோ, எழுந்து ரமாபாய்க்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. உங்க ரத்தமும் எடுக்கணும், பெரியவர் ரத்தமும் எடுக்கணும். மாஜிஸ்திரேட் மூலமா ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வர்ற வரைக்கும் உடம்பு இங்கேதான் இருக்கும். எத்தனை வாரம்னு இப்போ சொல்ல முடியாது."

"ஆதாருக்குக் கைரேக எடுத்தாங்களேம்மா. அத வெச்சுப் பாக்க முடியாதா?"

"சட்டத்துல அதுக்கு இடம் இல்லம்மா. விரலும் அந்த நிலைமையில இல்ல."

ரமாபாய் மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ராமசெல்வி வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நீங்க கைப்பட மனுவா எழுதிக் குடுங்க. முதல்ல எதை வெச்சு அடையாளம் சொன்னீங்க, அது ஏன் தப்பு, ரெண்டும் வேணும். உங்க வீட்டு ஆளுங்க மட்டும் கட்டுற ஈயம்னு அன்னிக்குச் சொன்னீங்க. அது வெளியாள் இடுப்புக்கு எப்படிப் போச்சுன்னு காரணம் இல்லாம நான் இதை அனுப்ப முடியாது. நாளைக்குக் கோர்ட்ல கூண்டுல ஏறி இதையே சொல்ல வேண்டி வரும். யோசிச்சு எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்று வரி சுலபமாக வந்தது. நான்காவது வரியில் பேனா நின்றது.

ஈயம் எப்படியோ தவறிப் போயிருக்கலாம் என்று எழுதலாம். படகில் கழற்றி வைத்ததை யாரோ எடுத்திருக்கலாம் என்று எழுதலாம். மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். ரமாபாய் பார்க்கவில்லை.

இப்படி எழுதினேன்:

'மேற்படி ஈயத்தை என் மகன் வெற்றியின் இடுப்பிலிருந்து அறுத்து வைக்கும்படி நானே ஊரார் முன்னிலையில் சொன்னேன். அவன் அறுத்து, தன்னோடு தொழில் செய்த பாரி என்பவருக்குத் தன் கையால் கட்டியிருக்கிறான். இது எனக்குத் தெரியாது. நான் உடலைச் சரியாகப் பார்க்காமல் ஈயத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன்.'

கீழே பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி. படித்துப் பார்க்காமல் கொடுத்தேன்.

ரத்தம் எடுக்கிற பெண் வந்தாள். அடுத்தடுத்த நாற்காலியில் என்னையும் ரமாபாயையும் உட்கார வைத்தாள். சட்டைக் கையை மடித்தேன். என் பஞ்சு கீழே விழுந்தபோது அவர் எடுத்துக் கொடுத்தார்.

தேசப்பன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தேன்.

"தேசப்பா, செத்தது வெற்றி இல்ல."

"இன்னாண்ணா சொல்றீங்க? நீங்கதானே…"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"அப்ப வெற்றி எங்கண்ணா?"

"தெரியாது."

"செத்தது யாரு?"

"வெற்றியோட தொழில் பாத்த பையன், பாரி. இன்னும் முடிவா எழுதல. அப்படித்தான் தெரியுது."

"அந்த வியாசர்பாடிப் பையனா?" ஒரு பெருமூச்சு. "நம்ம ஊரு சாவு இல்லன்னா படகை எறக்கிடலாம்ல?"

"எறக்கச் சொல்லு. என் படகு மட்டும் கரையில நிக்கட்டும்."

"உங்க படகா? எதுக்குண்ணா? ஆய்வகம், கோர்ட்டுன்னு ஒரு மாசம்கூட ஆவும்."

"ஆவட்டும். என் வூட்டு ஈயம் கட்டினவன் உள்ள கெடக்கறான். எடுக்கற வரைக்கும் என் படகு எறங்காது."

தேசப்பன் பிறகு என்னென்னவோ கேட்டார். துண்டித்துவிட்டேன்.

திரும்பியபோது ராமசெல்வி புதுத் தாள் ஒன்றை எடுத்திருந்தார். காணாமல் போனவர் பற்றிய புகார். மலர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார்.

"வயசு?"

"முப்பத்திமூணு."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ஞாயித்துக்கெழம காத்தால மூணு மணி. ஐஸ் ஏத்தப் போறேன்னு கெளம்பினாரு. அவருக்குப் பதிலா பாரி ஏன் போச்சுன்னு தெரியல மேடம்."

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அன்னிக்குக் காத்தாலேர்ந்து ஸ்விட்ச் ஆஃப். போன் எரிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

ராமசெல்வியின் பேனா நின்றது. மேசைக்கு அடியில் இருந்த பையை எடுத்து, ஒட்டிய உறை ஒன்றை வெளியே எடுத்தார். அதை மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வண்டியில இருந்தவங்க போன் விவரம் கேட்டு ஞாயித்துக்கிழமையே எழுதியிருந்தேன். நேத்து சாயங்காலம் வந்தது. உங்க கையெழுத்து இருந்ததால பிரிச்சே பாக்கல. என் தப்பும்தான்."

உறையைக் கிழித்தார். நாலைந்து தாள்கள். விரலை வைத்துக் கீழே கீழே இறக்கினார்.

"விபத்து காலையில நாலு அம்பது. வெற்றி போன் அன்னிக்கு சாயங்காலம் ஏழு பத்துக்கு ஆன் ஆகியிருக்கு. அத்திப்பட்டு டவர். இருபது நிமிஷம். அப்புறம் ஆஃப்."

"இருக்காரு" என்றாள் மலர். "இருக்காரு மாமா."

"மூணு தடவை கூப்பிட்டிருக்கார். மூணும் ஒரே நம்பருக்கு. எதுலயும் பேசல, லைன் போகல." தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கடைசி நாலு எண் ஏழு, ஏழு, நாலு, ஒண்ணு. யாரோடதுன்னு தெரியுமா?"

மலருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"என்னோடது" என்றேன்.

"உங்களுக்கு வரலையா?"

வராது. போன ஆடி மாதம், வெற்றி வீட்டை விட்டுப் போன மறுநாள், திருவொற்றியூர் மொபைல் கடையில் என் போனைக் கொடுத்து, வெற்றி நம்பரிலிருந்து எனக்கு எப்போதும் அழைப்பு வரக் கூடாது என்று சொல்லி அடைத்துவிட்டேன். அதையும் இப்போது ராமசெல்வியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மலர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை.

"எனக்கு ஏன் ஒண்ணுகூடப் போடல மாமா?"

ராமசெல்வி தாளை மடித்தார். ரமாபாய் ஊசி போட்ட கையை மடக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடியிலிருந்து போனை எடுத்தேன். அடைக்கச் சொல்லத் தெரிந்ததே தவிர, அந்த நம்பரைத் திறக்க எனக்குத் தெரியாது. மலரிடம் நீட்டினேன்.